டல்சியின் காலை மாத்திரை

பிப்ரவரி 6, செவ்வாய்

டோர்க்கஸ் அத்தையின் தலை இன்று ஆரஞ்சு நிறமாகிவிட்டது. முழுத் தலையும் இல்லை, முன்பக்கம் மட்டும். ஆனால் மனுஷர்கள் முன்பக்கத்தைத்தானே பார்க்கிறார்கள்.

நடந்தது இதுதான். எங்கள் சலூனுக்கு வழக்கமாக வரும் அவருக்கு வெளுப்பு மருந்தைப் பூசினேன். நேரம் சொல்லும் மணியைத் திருப்பி வைத்தேனா இல்லையா, இப்போதும் ஞாபகமில்லை. வாசலில் பார்சல் வந்தது, வாங்கப் போனேன். உள்ளே புதுச் சீப்புகள். அடுக்கி வைக்கலாமென்று பின்னறைக்குப் போனால் அலமாரி கந்தல்கோலமாகக் கிடந்தது. கூடக் கடை நடத்தும் கெர்ட் என் பெயரைக் கத்தியபோது நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முடி சுருட்டும் குழல்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப அழகாகப் பிரித்திருந்தேன். அது வேறு விஷயம்.

அத்தை கோபப்படவில்லை. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "போகட்டும் கண்ணு, பனியில வழி தவறிட்டா என்னைச் சுலபமாக் கண்டுபிடிச்சிடுவாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் பேத்திக்கு ஞானஸ்நானம். அதைச் சொல்லவேயில்லை. எனக்குத்தான் தெரியும்.

கெர்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டினால் பயமில்லை. பேசாமல் தரையைப் பெருக்கினாள்.

பிப்ரவரி 7, புதன்

பேசிவிட்டாள். கடை திறக்கும் முன், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"மண்டைத்தோல் வெந்திருந்தா என்னடி பண்ணுவே? அத்தைக்கு எண்பது வயசு."

"தெரியும்."

"தெரியுது, பண்ண மாட்டேங்கறே. பெட்ரோல் பங்க் பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு. பனி உருகறதுக்குள்ள நீ உன்னைச் சரிபண்ணிக்க ஏதாவது வழி பார்க்கலேன்னா நான் தனியாப் போயிடறேன். கோபத்துல சொல்றேன்னு நினைக்காதே. ராத்திரி முழுக்க யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்."

அதுதான் வலித்தது. கெர்ட் கோபத்தில் எத்தனையோ தடவை என்னை விட்டுப் போயிருக்கிறாள், சாயங்காலம் டீ குடிக்க வந்துவிடுவாள். இது அப்படி இல்லை.

பிறகு சொன்னாள், அவள் மகள் கிறிஸ்டா நாட்டின் மறுகோடியிலிருக்கும் ஆல்பர்ட்டாவிலிருந்து போனில் பேசினாளாம். அவள் அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. "உன் கதையெல்லாம் சொன்னேன். 'அம்மா, என் வகுப்புல டல்சி அத்தை மாதிரியே மூணு பசங்க இருக்காங்க. அதுக்கு ஏடிஹெச்டின்னு பேரு, கவனம் ஒரு இடத்துல நிக்காது, மாத்திரை இருக்கு'ங்கறா. நீ போய் டாக்டரைக் கேளு."

எனக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடப் பையன்களுக்கு வருவது எனக்கு எப்படி வரும்?

என்னதான்டி பண்றது நான்? வேணும்னேவா பண்றேன்?

பிப்ரவரி 8, வியாழன்

அத்தையின் தலையைச் சரிசெய்து கொடுத்தேன். மணியைக் கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொண்டேன். ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. அத்தை சிரித்தார். கெர்ட் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

எங்களுக்குக் குடும்ப டாக்டர் கிடைத்துவிட்டார். இந்த ஊரில் அது லாட்டரி விழுந்த மாதிரி. பழைய டாக்டர் ஓய்வு பெற்றபின் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம், காய்ச்சல் வந்தால் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போனோம். இப்போது வந்திருப்பவர் டாக்டர் அலாபி. நைஜீரியாக்காரர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மெதுவாகப் பேசுகிறார். மேசைக்கடியில் காலை ஒரு சின்ன ஹீட்டர் மேல் வைத்திருக்கிறார்.

மணிக்கட்டு வலியைக் காட்டினேன். முடி வெட்டுகிறவர்களுக்கெல்லாம் வருவதுதான் என்றார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார். நல்ல பெண். அரை மணி நேரம் பேசினோம், பெரும்பாலும் நான். கிளம்பி வந்தவள் கைப்பைக்காகத் திரும்பப் போனேன். கையுறைக்காக இன்னொரு தடவை.

வீட்டுக்கு வந்தால் கெர்ட் போன்.

"கேட்டியா?"

"எதை?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு வாரத்தில் அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். மறதிக்கு மருந்து கேட்கப் போய் மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

இந்தத் தடவை கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன். உட்காருமுன் உள்ளங்கையை டாக்டரிடம் காட்டினேன்.

படித்தார். "நீங்க போன தடவை ரெண்டாவது முறை கதவைத் தட்டினப்பவே எனக்குத் தோணிச்சு. நீங்களாக் கேட்கட்டும்னு இருந்தேன்."

ஒரே நாளில் சொல்லிவிட முடியாதாம். முதலில் இரத்தப் பரிசோதனை. தைராய்டு, இரும்புச்சத்து. தூக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா, இதயம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா. அப்புறம் ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டுமாம். சின்ன வயதில் என்னைப் பார்த்த ஒருவரும் பேச வேண்டும்.

அம்மா அப்பா இல்லை. செல்பி அண்ணன்தான். அவனைப் பேசச் சொன்னால் எதை எதையெல்லாம் சொல்வானோ.

மார்ச் 14, வியாழன்

இன்று காலை டாக்டரிடம் போயிருக்க வேண்டும்.

கடையில் ஒரு பெண்ணுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. நேரம் தாண்டி ரொம்ப நேரமாகியிருந்தது. கன்னம் சூடாகிவிட்டது. வெட்கத்தோடு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். வரவேற்பில் இருக்கும் பெண் பதறவேயில்லை. "பரவாயில்லம்மா. இதுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் முதல் தடவை வர மாட்டாங்க. டாக்டர் அடுத்த வாரமே உங்களுக்கு இன்னொரு நேரம் எடுத்து வெச்சிருக்காங்க" என்றாள்.

நான் வரமாட்டேன் என்று தெரிந்து எனக்காக ஒருவர் இடம் போட்டு வைத்திருக்கிறார். சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

மார்ச் 21, வியாழன்

லியாண்டர் பனி தள்ளும் வண்டி வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னை டாக்டரின் கிளினிக் வாசலில் கொண்டுபோய் இறக்கினான். பிறகு உள்ளே போகிறேனா என்று வண்டியில் உட்கார்ந்து பார்த்தான். இருபது வருஷக் கல்யாணம், நம்பிக்கை அவ்வளவுதான்.

டாக்டர் நிறையக் கேட்டார். ஆரம்பித்த வேலையை முடிக்கிறேனா. அடுத்தவர் பேச்சில் குறுக்கே விழுகிறேனா (அவர் கேட்டு முடிக்கும் முன் பதில் சொன்னேன்). பொருளைத் தொலைக்கிறேனா. வரிசையில் நிற்க முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. அவர் எந்தக் கதையையும் வெட்டவில்லை, ஆனால் முடிந்ததும் விட்ட கேள்விக்குக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிற மாதிரி கூட்டி வந்தார்.

அப்புறம் செல்பி அண்ணனுக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார். அவன் படகுத் துறையில் நின்று பேசினான், பின்னால் கடற்காகங்களின் சத்தம்.

"சின்ன வயசுல இவளா? டாக்டர், சர்ச்சுல எங்க அப்பா இவ ஷூ கயிற்றைப் பெஞ்சுக் காலோட கட்டிடுவாரு. ஒரு தடவை பாட்டுக்கு எழுந்திரிச்சா, பெஞ்சும் கூடவே எழுந்திரிச்சுது. பெஞ்சுல நாலு பேர் இருந்தாங்க."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். நானும்தான்.

"பள்ளிக்கூடத்துல?"

"அவ வீட்டுப்பாடம் பாதிக்கு மேல நான்தான் எழுதினேன். அப்பா இவளுக்கு மூளை இல்லைன்னுதான் சொல்வாரு, எல்லார் எதிர்லயும். ஆனா ஒண்ணு சொல்லணும் டாக்டர். ஒரு நாள் காத்துல படகுக் கயிறு அறுந்துபோச்சு. நாங்க ஆம்பளைங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கம் கத்திட்டு நிக்கறோம். இவ பொடிப்பொண்ணு, ஒரே தாவுல தாவி அடுத்த கயிற்றைப் பிடிச்சுக் கம்பத்துல சுத்திட்டா. படகு தப்பிச்சுது."

எனக்கு அது ஞாபகமே இல்லை. பெஞ்சு ஞாபகம் இருக்கிறது. கயிறு ஞாபகமில்லை.

போனை வைத்தபின் டாக்டர் கேட்டார், "மூளை இல்லைன்னு அப்பா சொன்னதை நீங்களும் நம்பினீங்களா?"

நம்பாம? வேற யாரு என்ன சொன்னாங்க? எல்லாரும் அதைத்தானே வேற வேற மாதிரி சொன்னாங்க, சோம்பேறின்னு, அக்கறை இல்லைன்னு, வாய் மட்டும்தான்னு. நானும் அதைத்தானே தினமும் எனக்கே சொல்லிக்கறேன்.

இதையெல்லாம் அங்கேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அழுதுகொண்டிருந்தேன். அவர் காகிதக் கைக்குட்டையை நீட்டிவிட்டு அவசரப்படாமல் இருந்தார்.

"இரத்தம் சரியா இருக்கு. தைராய்டும் சரி. டல்சி, உங்களுக்கு இருக்கறது ஏடிஹெச்டி. சின்ன வயசுலேருந்தே இருக்கு. இதுக்கு மருந்து உண்டு. நானே தர்றேன், நானே பார்த்துக்கறேன். பெரிய டாக்டரைத் தேடி செயின்ட் ஜான்ஸ் நகரம் வரைக்கும் நீங்க போக வேண்டாம்."

வெளியே வந்தேன். லியாண்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வழியில் நிறுத்தி மீனும் வறுவலும் வாங்கிக் கொடுத்தான். வண்டியிலேயே சாப்பிட்டோம். கைப்பையை நான் எங்கேயும் விடவில்லை. இறங்கும்போதே அவன் வாங்கி வைத்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 22, வெள்ளி

மாத்திரை ஊக்க மருந்து வகையாம். செல்பி அண்ணனிடம் சொன்னேன். "உனக்கே இன்னும் வேகம் ஏத்தப் போறாங்களா? முன்கூட்டியே சொல்லு, நாங்க ஊரைக் காலி பண்ணிடறோம்" என்கிறான்.

எனக்கும் அந்தப் பயம்தான். கெர்ட்டுக்கு இல்லை. அவள் டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, கூட இருந்த காகிதத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச் 26, செவ்வாய்

முதல் மாத்திரை. சின்ன அளவு.

கடையில் மூன்று முடி உலர்த்தும் இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று மூன்றும் நின்றால் ஒரு கணம் காது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்குமே, அப்படி இருந்தது. வேகமெல்லாம் ஏறவில்லை. ஒருத்திக்கு முடி வெட்ட ஆரம்பித்து அவளுக்கே வெட்டி முடித்தேன். நடுவில் எங்கேயும் போகவில்லை.

எல்லோருக்கும் இப்படித்தான் இருக்குமா, எப்போதுமே? இவ்வளவு சுலபமாகவா இருந்தது அவர்களுக்கு?

கொஞ்சம் கோபம்கூட வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

வாய் உலர்கிறது. மத்தியானம் பசியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை லியாண்டர் உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வேகவைத்துத் தட்டு நிறையப் போட்டான், நான் இரண்டு வாயோடு எழுந்துவிட்டேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது. டாக்டரிடம் சொன்னேன். மாத்திரைக்கு முன்னால் காலையில் நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை எல்லாம் பார்த்தார். சரியாக இருக்கிறதாம்.

மருந்துக்கடையில் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்துத் தரமாட்டார்கள். இந்த வகை மருந்துக்கு அது சட்டம். மாதா மாதம் ஞாபகமாகப் போய் வாங்க வேண்டுமாம், அதுவும் நான்.

ஏப்ரல் 18, வியாழன்

மத்தியானத்துக்கு மேல் பலன் குறைகிறது என்றேன். டாக்டர் அளவை ஒரு படி ஏற்றியிருக்கிறார். "எப்படி இருக்குன்னு சொல்லுங்க. சரியான அளவு எதுன்னு உங்களைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்."

ஏப்ரல் 27, சனி

வேலை பிரமாதம். ஒரு தப்பு இல்லை. சாயக் கிண்ணங்கள் எல்லாம் கழுவி இருக்கின்றன. பேச ஒன்றும் தோன்றவில்லை.

மே 3, வெள்ளி

டோர்க்கஸ் அத்தை தலைக்குச் சுருள் போட வந்தார். போட்டேன். முடித்தேன். கண்ணாடி காட்டினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஏதாவது இருக்கா அத்தை?"

"நான் உட்கார்ந்ததுலேருந்து நீ 'குனிங்க', 'நிமிருங்க', இந்த ரெண்டைத் தவிர ஒண்ணும் சொல்லலை. யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லையே."

"லியாண்டர் நல்லா இருக்கானா?"

"நல்லாத்தான் இருக்கான்."

"அப்போ உன் வாய்க்குப் பூட்டு போட்டது யாரு கண்ணு? முடி வெட்டிக்கவா நான் இங்க வர்றேன்? என் தலையில என்ன இருக்கு வெட்டறதுக்கு? வீட்டுல சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன், உன் பேச்சைக் கேட்கத்தானே வர்றேன்."

மற்ற இரண்டு நாற்காலிகளிலும் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கடை மூடியபின் கெர்ட் துண்டுகளை மடித்துக்கொண்டே சொன்னாள், "நானும் சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நான்தானே உன்னை அங்க தள்ளினேன்."

"இப்பதான் தப்பே பண்றதில்லையே நான்."

"பண்றதில்லை. ஆனா ஒரு வாரமா நான் வாய்விட்டுச் சிரிக்கலைடி. நம்ம கடைன்னே தோணலை, பல் டாக்டர் வீட்டு வாசல் மாதிரி இருக்கு."

மாத்திரை வேண்டாமென்று எறிந்துவிடலாமா? ஆரஞ்சுத் தலையா, ஊமை வாயா? இரண்டில் ஒன்றுதானா எனக்கு?

மே 7, செவ்வாய்

இரண்டில் ஒன்று இல்லையாம். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

"அளவு அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். மருந்து உங்களுக்கு உதவணும், உங்களைக் கொண்டுபோயிடக் கூடாது. பழைய அளவுக்கே போவோம். சாயங்காலம் கொஞ்சம் அப்படி இப்படின்னு இருந்தா இருக்கட்டும், கஷ்டமான வேலையைக் காலையில வெச்சுக்குங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதுக்குத்தான் உங்களை அடிக்கடி வரச் சொல்றேன்."

நான் பெரிய முடிவெல்லாம் எடுக்கத் தயாராகப் போயிருந்தேன். நிறைய வசனம் யோசித்து வைத்திருந்தேன். வீணாகிவிட்டது.

மே 10, வெள்ளி

துறைமுக வாயிலில் பனிமலை ஒன்று கடலில் மிதந்து வந்து நிற்கிறது. அதைப் பற்றி வந்தவர்களிடமெல்லாம் பேசினேன். எல்லோர் சாயமும் சரியான நேரத்தில் கழுவப்பட்டது. கெர்ட் ஒரு கட்டத்தில், "டல்சி, போதும்டி, தலை வலிக்குது" என்றாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மே 26, ஞாயிறு

பெட்ரோல் பங்க் பக்கத்து இடத்தில் யாரோ பிட்ஸா கடை போடுகிறார்கள். கெர்ட்தான் சொன்னாள், டீயைக் கலக்கிக்கொண்டே, வானிலை சொல்கிற மாதிரி. நானும், "நல்லது, ஊருக்கு ஒரு பிட்ஸா கடை வேணும்" என்றேன். அதற்கு மேல் இருவரும் அதைத் தொடவில்லை.

ஜூலை 10, புதன்

கடையில் ஒரே பேச்சு. டாக்டர் அலாபி ஊரை விட்டுப் போகிறாராம். காலையில் முதலில் வந்தவள், "லீவுல போறாங்களாம்" என்றாள். பதினொரு மணி டீக்குள் அது "வேலையை விட்டுட்டாங்களாம்" ஆகிவிட்டது. மத்தியானத்துக்குள் அவர் டொரன்டோவில் வீடு வாங்கி, அதில் நீச்சல் குளமும் கட்டிவிட்டார்.

நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் போய்விட்டால்? மறுபடி பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? யார் எனக்கு மருந்து எழுதித் தருவார்கள், யாரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்வது? பெஞ்சுக் கதையை இன்னொருவரிடம் அழாமல் சொல்ல முடியுமா?

கெர்ட், "நேரா அவங்களையே போய்க் கேளேன்" என்றாள். கேட்கலாம் என்றே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலை 12, வெள்ளி

கேட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "லாகோஸ்ல தங்கச்சிக்குக் கல்யாணம். ஆகஸ்ட்ல மூணு வாரம் போயிட்டு வர்றேன். டொரன்டோவா? நீச்சல் குளமா?"

"வெந்நீர்க் குளம்னு கடைசியாக் கேள்விப்பட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பில் வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்தாள். பிறகு, அவர் இல்லாத நேரத்துக்கு மருந்தை முன்கூட்டியே எழுதி மருந்துக்கடைக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அவசரமென்றால் பெரிய ஊர் ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்க்கலாம், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். "இந்த வருஷம் உங்க ஊர்க் குளிரைத் தாங்கினேன். இனிமே என்னை யாரும் விரட்ட முடியாது. நல்ல ஹீட்டர் மட்டும் ஒண்ணு வாங்கணும்."

திரும்பி வந்து கடையில் நடுவில் நின்று அறிவித்தேன். ஊர் முழுக்கப் பரவப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

லியாண்டரோடு குன்றில் புளூபெர்ரி பறித்தேன். வாளி நிரம்பும் வரை பறித்தேன். மற்ற வருஷங்களில் அடிப்பகுதி மூடியதும் நான் நரித்தடம், ஓடை, மேகம் என்று எங்கேயாவது போய்விடுவேன். இந்த வருஷமும் ஓடைக்குப் போனேன், ஆனால் வாளி நிரம்பிய பிறகு. லியாண்டர் இரண்டு வாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து செல்பி அண்ணனுக்கு அனுப்பினான்.

செப்டம்பர் 19, வியாழன்

டாக்டர் திரும்பிவிட்டார், கல்யாணத்தில் நன்றாகச் சாப்பிட்டேன் என்கிறார். என் எடை, இரத்த அழுத்தம் எல்லாம் சரி. இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதுமாம். ஏமாற்றமாக இருந்தது. அவரோடு பேசிப் பழகிவிட்டது.

"அப்போ முடி வெட்டிக்கவாவது கடைக்கு வாங்க" என்றேன்.

அவர் தன் நெருக்கமான சின்னச் சின்னப் பின்னல்களைத் தொட்டுக்கொண்டு, "நீங்க நல்லவங்கதான் டல்சி. ஆனா இதை மட்டும் உங்ககிட்ட ஒப்படைக்க மாட்டேன்" என்றார்.

நியாயம்தான்.

அக்டோபர் 22, செவ்வாய்

கெர்ட் சனிக்கிழமை ஆல்பர்ட்டாவுக்கு விமானம் ஏறினாள். கிறிஸ்டாவுக்குப் பிரசவம். ஒரு மாதம் அங்கேதான்.

இன்று கடையில் நான் மட்டும். காலையில் முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு சுருள், இரண்டு சாயம், செல்பி அண்ணனுக்கு ஓசியில் தாடி திருத்தல். சாயம் இரண்டும் சரியாக வந்தன. மத்தியானம் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு மறந்தேன், விசில் அடித்தே தொண்டை வறண்டது அது. யாரும் சாகவில்லை. டோர்க்கஸ் அத்தை வேலை ஒன்றும் இல்லாமலே வந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். நானும் பேசினேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கெர்ட் போன் செய்தாள். பெண் குழந்தை. மூக்கு அப்படியே கெர்ட் மாதிரி, பாவம். தலை நிறைய முடி, கறுப்பு, பிறக்கும்போதே சுருள். யார் பக்கத்துச் சுருள் என்று சம்பந்திகளுக்குள் சண்டையாம். கிறிஸ்டா நன்றாக இருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. அங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. மருமகன் குழந்தையைத் தூக்கப் பயப்படுகிறான். இப்படியே பேசினாள், நான் நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் குறுக்கே விழுந்தேன். குழந்தை அழுதது, வைத்துவிட்டாள்.

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கடை எப்படி இருக்கிறது, நான் எதையாவது கெடுத்தேனா என்று அவள் கேட்கவேயில்லை.